ஊர் மாறும் குழந்தையும் ரோட்டா வைரஸும்

குழந்தைகளுக்கு உண்டாகும் வியாதிகளுள் வயிற்றுப்போக்கைப் போல மக்களால் இலேசாக எண்ணப்படுவது வேறொன்று இல்லை எனலாம். பல் முளைக்கிறது என்பர். உரம் விழுந்தது என்பர். குடலேற்றம் என்று கூறி வயிற்றை நீவிவிட ஆள் தேடுவர். இரண்டு நாளில் தானே நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. பெரும்பாலும் நின்றும் விடுகிறது. நில்லாத சில குழந்தைகளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லும்போது கண்கள் குழிந்து, உச்சிக்குழி தாழ்ந்து, அழுதாலும் கண்ணீர் வராத நிலைமை ஏற்பட்டுவிடுகிறது. தடுப்பு மருந்து பரவுவதற்கு முன்பு, ரோட்டா வைரஸ் என்ற ஒரே கிருமியால் இந்தியாவில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 78,000 பேர் இறந்தனர் என்றும், 8,72,000 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது.

இக்கிருமி மனிதருக்கு நோய் தருவது என்று தெரியவந்தது அண்மைக் காலத்தில்தான். 1973-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும், கடும் பேதியால் வருந்திய குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த சிறு தசைத் துணுக்குகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் கீழ் நோக்கினர். அதுவரை எவ்விதக் காரணமும் கண்டறிய முடியாதிருந்த பேதிக்கு, உயிரணுக்களுக்குள் நிறைந்திருந்த வைரஸ் துகள்களே காரணம் என்பது புலனாயிற்று. துகள் ஒவ்வொன்றும் ஆரங்களும் விளிம்பும் கொண்ட வண்டிச் சக்கரம் போலத் தோன்றியது. இலத்தீன் மொழியில் சக்கரத்துக்கு ‘ரோட்டா’ என்று பெயர். வைரஸின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது.

சிறுகுடலின் உட்புறத்தில், வெல்வெட்டுத் துணியின் மயிரிழைகளைப் போன்ற குடலுறிஞ்சிகள் எண்ணற்றவை இருக்கின்றன. அவற்றின் நுனியில் உள்ள முதிர்ந்த உயிரணுக்களையே இவ்வைரஸ் தாக்குகிறது. அவை அழிந்தால் நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேலை நின்றுபோகும். அத்துடன் வைரஸ் உண்டாக்கும் ஒரு புரதம் குடலிலிருந்து நீரை வெளியே தள்ளவும் செய்கிறது. தொற்றிய இரண்டு நாட்களில் காய்ச்சலும் வாந்தியும் தொடங்கி, பின்னர் நீராகக் கழிவது மூன்று முதல் எட்டு நாள் வரை நீடிக்கும். வாந்தி முந்திக்கொள்வதால், பேதி தொடங்கும் வேளையிலேயே குழந்தை பாதி வற்றியிருக்கும். பெரியவருக்கு ஒரு நாள் அசௌகரியமாகக் கழிவது ஆறு கிலோ எடையுள்ள குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினையாவது இதனாலேயே.

சுகாதாரப் போதனை செய்வோர் இங்கு ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். கைகழுவுதல், காய்ச்சிய நீர், கழிப்பிடம் ஆகியவை பள்ளிகளில் ஓயாமல் போதிக்கப்படுகின்றன. காலராவுக்கும் டைபாய்டுக்கும் இவை அரிய காப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் ரோட்டா வைரஸ் இவற்றுக்கு முழுதும் அடங்குவதில்லை. நூறு துகள்களுக்கும் குறைவாக வயிற்றுக்குள் சென்றாலே நோய் பற்றிக்கொள்ளும். நோயுற்ற குழந்தையின் ஒரு துளி மலத்திலோ கோடிக்கணக்கான துகள்கள் உள்ளன. கையிலும் விளையாட்டுச் சாமானிலும் கதவுப் பிடியிலும் அது நெடுநேரம் உயிர்ப்புடன் இருக்கிறது. தடுப்பு மருந்து வருமுன், குழாய்நீரும் கழிப்பறையும் குறைவின்றி அமைந்த செல்வ நாடுகளிலும், ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் இது தொற்றியே வந்தது. அங்கே குழந்தைகள் சாவது அரிதாக இருந்தது, இங்கே பெருமளவில் செத்தார்கள். வேறுபாடு தொற்றில் அன்று, தொற்றிய பின் கிடைத்த உதவியில்தான் இருந்தது. ஆகவே, பேதி கண்ட குழந்தையின் தாயைச் சுத்தமில்லாதவள் என்று குறைகூறும் வழக்கத்தைக் கள ஊழியர்கள் கைவிடுவது நலம். அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் பொய்யானது. அதோடு, மறுமுறை அவள் வராமலிருக்கவும் அதுவே காரணமாகிவிடும்.

எனவே தடுப்பு மருந்தே முதற் காப்பு. அதன் வரலாற்றில் பெங்களூருக்கு ஓர் இடம் உண்டு. அது பெங்களூர் மக்களுக்கே அதிகம் தெரியாதது வியப்புக்குரியது.

1980-களில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், டாக்டர் எம். கே. பான் தலைமையில் பணியாற்றியோர், பிறந்து சில நாளே ஆன சிசுக்களின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருப்பதையும், அச்சிசுக்களுக்கு யாதொரு நோயும் இல்லாமையையும் கண்டனர். பின்னாளில் அவர்களுக்கு இவ்வைரஸால் பேதி கடுமையாக வருவதும் குறைந்திருந்தது. இயற்கையே தடுப்பு மருந்து கொடுத்துவிட்டது போலும்! அந்த வைரஸுக்கு 116இ என்று பெயரிட்டனர். ஏறத்தாழ அதே காலத்தில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் சி. துர்கா ராவ் குழுவினரும் நகரத்து மருத்துவமனைகளின் பச்சிளங் குழந்தைகளிடம் இத்தகைய சாதுவான வைரஸ் ஒன்றைக் கண்டறிந்தனர். அதன் பெயர் ஐ-321. ரோட்டா வைரஸின் மரபணுப் பொருள் பதினொரு துண்டுகளாக அமைந்துள்ளது. ஐ-321-இல் அப்பதினொன்றில் ஒன்பது மாட்டு வைரஸைச் சேர்ந்தவை; இரண்டு மட்டுமே மனித வைரஸைச் சேர்ந்தவை. மாட்டுக்கு உரியது, மனிதக் குழந்தையின் குடலில் குடியேறி, அதற்குத் தீங்கும் செய்யாமல் இருந்திருக்கிறது. 1988 முதல் 1999 வரை பெங்களூரில் ரோட்டா வைரஸ் பேதியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் விகிதம் குறைந்து வந்ததற்கு, பிறந்தவுடன் நேர்ந்த இந்தச் சாதுவான தொற்றும் காரணமாகலாம் என்று துர்கா ராவ் குழுவினர் பின்னர் எழுதினர்.

இரண்டும் தடுப்பு மருந்தாகச் சோதிக்கப்பட்டன. 2006-இல் வெளியான முடிவுகளின்படி, 116இ கொடுக்கப்பட்ட குழந்தைகளுள் 73 சதவீதத்தினரிடம் எதிர்ப்புச் சக்தி தோன்றியது. பெங்களூரின் ஐ-321 கொடுக்கப்பட்டோரிடம் 39 சதவீதமே. பெங்களூர் வைரஸ் அத்துடன் ஒதுக்கப்பட்டது. அதன் இனத்தைச் சேர்ந்த வைரஸ்களே வேலூரில் சில பச்சிளங் குழந்தைகளுக்கு நோயையும் தந்தன என்பது தனிக்கதை. ஒருவகையில், ஒதுக்கியதும் நன்றே. 116இ ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனத்தின் கையில் ‘ரோட்டாவாக்’ என்ற மருந்தாகி, 2015 மார்ச் 9-ஆம் நாள் வெளியிடப்பட்டது. 2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017-இல் தமிழ்நாட்டையும் சேர்த்து, 2019-க்குள் நாடெங்கும் அரசாங்கத் தடுப்பு மருந்துத் திட்டத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இடம்பெற்றது. பூனாவில் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ‘ரோட்டாசில்’ என்பதும் இத்திட்டத்தில் சேர்ந்துள்ளது. பிறந்த ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என மூன்று தவணை, ஊசியன்று, வாய்வழி மருந்து, கட்டணம் இல்லை.

இம்மருந்து முழுக் காப்பு அளிப்பதில்லை. இதை மறைத்துப் பிரசாரம் செய்வது பிழை. டில்லி, பூனாவை அடுத்த பகுதி, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த பெரும் சோதனையில், முதல் ஆண்டில் கடும் நோயை ஏறத்தாழ 56 சதவீதம் தடுத்தது. ‘பாதி மருந்து’ என்று இதைச் சிலர் ஏளனமாகப் பேசுகின்றனர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகிறது. பிறந்தது முதல் மூன்று ஆண்டு வரை 373 குழந்தைகளை அவர்கள் வீடு வீடாகத் தொடர்ந்து கவனித்தனர். 1996-இல் வெளியான மெக்சிகோ ஆராய்ச்சியில், இயற்கையாக இரண்டு முறை தொற்றிய குழந்தைகளுக்கு அதன்பின் கடும் நோயே வரவில்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பிறகும் 79 சதவீதப் பாதுகாப்புத்தான் ஏற்பட்டது. இந்நாட்டுக் குழந்தைகள் சிறுவயதிலேயே, அடிக்கடி, பலவித வைரஸ்களால் தாக்கப்படுகின்றனர்; உடலும் மெல்ல மெல்லவே பாடம் கற்கிறது. இயற்கை நோயே மூன்று முறை வந்தும் முழுக் காப்பு தராத இடத்தில், மருந்து பாதிக்கு மேல் தருவதை ஏளனம் செய்ய இடமில்லை. ஆனால், ஒரு தவணை விட்டால் என்ன என்று எண்ணவும் இடமில்லை. மெக்சிகோவில் பொறுக்கக்கூடிய கவனக்குறைவு இங்கே பொறுக்கத்தக்கதன்று.

இனி, அந்த மூன்றாம் தவணை எங்கே தவறிப்போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பெங்களூருக்குத் தெற்கே ஓசூர் சாலையில், ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்தது ஹெப்பகோடி. ஒருபுறம் எலெக்ட்ரானிக் சிட்டி. மறுபுறம் பொம்மசந்திராத் தொழிற்பேட்டை. சாலையைத் தொடர்ந்து சென்றால் அத்திப்பள்ளியும் தமிழ்நாட்டு எல்லையும். ஒரு காலத்தில் கிராமமாக இருந்தது இன்று நகரசபை. உயிரியல் மருந்துகள் தயாராகும் பெரிய தொழிற்சாலையும் இங்கே உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய மெட்ரோ ரயில் வழியின் நிலையப் பெயரிலேயே அந்நிறுவனத்தின் பெயரும் சேர்ந்திருக்கிறது. விஞ்ஞானத்தின் வாசலிலேயே இருக்கும் ஊர் என்று சொன்னால் மிகையாகாது. அந்த வாசலைச் சுற்றி, ஓரறை வீடுகள் வரிசை வரிசையாக, பொதுக் குழாயும் பொதுக் கழிப்பிடமுமாக அமைந்திருக்கின்றன. அவற்றில் வாழ்வோர் வடகர்நாடகத்திலிருந்தும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலிருந்தும், ஒரிசா, பீகார், வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்தும் ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள்.

இத்தகைய குடும்பத்தில் ஒரு பெண் கருவுற்றால், ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ தாய்வீடு செல்வாள். குழந்தை அங்கே பிறக்கும். ஆறாம் வாரத்துச் சொட்டு மருந்து அவ்வூர்ச் சுகாதார நிலையத்தில் கிடைத்துவிடும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் குழந்தையுடன் புகுந்த வீட்டுக்கு அனுப்புவர். ஆறு, பத்து, பதினான்கு வாரம் என்ற கணக்கையும் இந்த வழக்கத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் நிலைமை விளங்கும். மூன்றாம் மாதத்தில் புறப்படும் குழந்தையின் கடைசித் தவணை, பேருந்திலும் ரயிலிலும் மூட்டை முடிச்சுகளோடு கழியும் நாட்களிலேயே வந்து விழுகிறது. தாய்வீட்டு ஊரின் பதிவேட்டில் அக்குழந்தை ‘ஊரில் இல்லை’. ஹெப்பகோடியின் பதிவேட்டில் ‘இங்கே பிறக்கவில்லை’. இரண்டு பதிவேடுகளும் பிழையற்றவை. இரண்டுக்கும் நடுவில் குழந்தை விடுபட்டுப் போகிறது.

கள ஊழியர்மீது முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது. அவர்களுடைய பகுதிக்கு இத்தனை குழந்தைகள் என்று மேலிருந்து இலக்கு வருகிறது. நாளை வீடு மாறப்போகும் குடும்பத்தைச் சேர்த்தால், அடுத்த மாதக் கணக்கில் அது குறையாகக் காட்டும். சொந்தக் குடியினரின் வீடுகளை மட்டும் சுற்றி வந்தால் கணக்கு நூற்றுக்கு நூறாக முடியும். கணக்கு அழகாக முடிவதற்கும் குழந்தை பாதுகாக்கப்படுவதற்கும் உள்ள தூரம் இங்கேதான் பெருகுகிறது. வீட்டு வாடகைச் சீட்டையோ, குடும்ப அட்டையையோ, பிறந்த இடத்தையோ கொண்டு குழந்தையை எண்ணாமல், நேற்றிரவு அது எங்கே உறங்கியதோ அந்த இடத்தைக் கொண்டு எண்ண வேண்டும் என்பதே இக்கட்டுரை வற்புறுத்தும் கருத்து. இது புதிய கொள்கையுமன்று. 2014 டிசம்பரில் தொடங்கிய இந்திரதனுஷ் இயக்கம் செங்கற்சூளைகளையும் கட்டட வேலைத் தலங்களையும் தேடிச் சென்றது இதே நோக்கத்தோடுதான். 2023-இல் சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கிப் பின் நாடெங்கும் விரிந்த ‘யூ-வின்’ என்னும் மின்பதிவேட்டில், ஓர் ஊரில் பெற்ற தவணையை வேறோர் ஊரில் பார்க்கவும் தொடரவும் வழி செய்யப்பட்டுள்ளது. ஏட்டில் வழி திறந்திருக்கிறது. ஆனால் ஓரறை வீட்டின் கதவைத் தட்டிக் குழந்தை உண்டா என்று கேட்பதற்கு ஆள் வேண்டும். அவர் பேசும் மொழி உள்ளே இருப்பவளுக்குப் புரியவும் வேண்டும்.

இவ்விடத்தில் பள்ளி ஆசிரியரின் உதவி பெரிது. புதிதாக வந்து குடியேறிய குடும்பத்தைச் சுகாதார ஊழியர் அறிவதற்கு முன்னரே ஆசிரியர் அறிந்துவிடுகிறார். மூத்த குழந்தை பள்ளியில் சேர்கிறதன்றோ? சேர்க்கும் நாளில் பெயர், வயது, தந்தை தொழில் ஆகியவற்றோடு, ‘வீட்டில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா?’ என்று ஒரு கேள்வியும் கேட்டு, அதை அங்கன்வாடி ஊழியரிடமோ ஆஷா ஊழியரிடமோ சொல்லிவிட்டால் போதும். இதற்குப் பணச் செலவு இல்லை; அரசாங்க உத்தரவுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஒன்றாம் வகுப்புப் பையன், ‘எங்கள் வீட்டுப் பாப்பாவுக்கு நேற்றெல்லாம் வாந்தி’ என்று தானே வந்து சொல்லும் செய்திக்கும் சில வேளைகளில் ஓர் உயிரின் மதிப்பு உண்டு.

தாய்மார் பலருக்கு உள்ள ஒரு குழப்பத்தையும் நீக்க வேண்டும். ‘சொட்டு மருந்து போட்டாயிற்றே’ என்பர். அது போலியோச் சொட்டாக இருக்கும். இரண்டும் வாயில் விடப்படுவதாலும், ஒரே நாளில் கொடுக்கப்படுவதாலும் இக்குழப்பம் நேர்கிறது. தாய்-சேய் அட்டையைக் கேட்டு வாங்கி, ரோட்டாவுக்குரிய கட்டங்கள் மூன்றும் நிரம்பியுள்ளனவா என்று கண்ணால் காண வேண்டும்.

மருந்து பாதிக் காப்பே என்பதால், மீதிப் பாதியை உப்புச் சர்க்கரைக் கரைசல் தாங்க வேண்டும். 1971-இல் வங்காள அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுகோஸும் சோடாவும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழாக இறங்கியது. குளுகோஸ் உடனிருந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற சிறு உண்மையே இதன் அடிப்படை. அது காலராவுக்கும் பொருந்தும், ரோட்டாவுக்கும் பொருந்தும். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பேதி கண்ட குழந்தைகளுள் இக்கரைசல் பெற்றவர்கள் 60.6 சதவீதம், துத்தநாக மாத்திரை பெற்றவர்கள் 30.5 சதவீதமே. துத்தநாகத்தைப் பதினான்கு நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்ற மூன்றாம் நாளே மாத்திரையை மறந்துவிடுவதே நடைமுறை.

கரைப்பதிலும் பிழை நேர்கிறது. ஒரு பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் நீர். ஒரு டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டினால் உப்பு மிகுந்து தீங்காகும். ஓரறை வீட்டில் லிட்டர் அளவுப் பாத்திரம் இல்லாவிடினும், கடையில் வாங்கிய ஒரு லிட்டர்த் தண்ணீர்ப் புட்டி அநேகமாக இருக்கும். அதுவே போதிய அளவுகோல். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டி தேக்கரண்டியாகப் புகட்ட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ‘பால் கொடுத்தால் பேதி கூடும்’ என்ற பாட்டிமார் சொல்லை மறுக்க இளம் தாய்க்குத் துணிவு வராது. ஊழியர் பாட்டியிடமே நேரில் பேசுவது பயன் தரும்.

மருந்துக் கடைகளில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைத் தாங்கிப் பழச்சுவைப் பானங்கள் அடைத்த பெட்டிகள் நெடுநாள் விற்கப்பட்டு வந்தன. அவற்றில் சர்க்கரை மிகுதி, உப்பு குறைவு. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைப் பெருக்கும். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டு விடாது முறையிட்டதன் பயனாக, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்பானங்களின்மீது அவ்வெழுத்துகளைப் பயன்படுத்தலாகாது என்று கட்டளையிட்டது. எனினும், பெற்றோர் நினைவில் பதிந்த பழைய பெட்டி எளிதில் மறையாது. பொட்டலமா, பானமா என்று ஊழியர் கேட்டறிய வேண்டும். வைரஸ் பேதிக்குப் பயன்படாத ஆன்டிபயாடிக் மருந்துகளையும், பேதியைக் கட்டிவிடும் மாத்திரைகளையும் கைக்குழந்தைக்குக் கேட்டு வாங்கும் பழக்கத்தைப் பற்றியும் இதையே சொல்லலாம். பேதியைக் கட்டும் மாத்திரை கைக்குழந்தைக்கு ஆபத்தும் ஆகும்.

முடிவாக, ஹெப்பகோடி போன்ற ஊர்களில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்று. தாய்வீட்டில் ஒரு தவணை பெற்று, நான்கு மாதமோ ஆறு மாதமோ கழித்து இங்கே வந்த குழந்தைக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா, அல்லது காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிடலாமா என்று கேட்கின்றனர். இரண்டும் வேண்டாம். முதல் தவணை ஒரு வயதுக்குள் கிடைத்திருந்தால், எஞ்சிய இரண்டையும் நான்கு வார இடைவெளி விட்டுக் கொடுத்து முடிக்கலாம். ஒரு தவணையும் பெறாத குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை தொடங்க வழியுண்டு. குடல் செருகல் என்னும் நோய் முன்பு கண்ட குழந்தைக்கு இதைக் கொடுக்கலாகாது. மருந்துக்குப் பின் குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, மலத்தில் இரத்தம் கண்டால், அபூர்வமான அந்நோயோ என்று ஐயுற்று உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அட்டை தாய்வீட்டிலேயே தங்கிவிட்டதென்றால், அதன் பக்கத்தைப் படம் எடுத்துத் தொலைபேசியில் அனுப்பச் சொல்லலாம். பாட்டி வீட்டில் எவரிடமாவது அத்தகைய தொலைபேசி ஒன்று இன்று இருக்கவே செய்கிறது.